பென்சிலின் குப்பியில் பிடிமண்

சீழையும் சளியையும் தபாலில் அனுப்ப என்னென்ன செய்ய வேண்டும் என்பதை என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கண்ணாடிக் குழாய், அதன் வாயில் பஞ்சு, குழாயைச் சுற்றி இன்னும் பஞ்சு, அதற்கு மேல் தகர உறை, அதற்கு மேல் மரப்பெட்டி, பெட்டியின் மேல் சிவப்பு மையில் எச்சரிக்கை. வேலையில் இருந்த காலம் முழுவதும் இந்த வரிசையை நான் ஒருநாளும் மீறியதில்லை. விதிகள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. கிருமியோடு புழங்கும் இடத்தில் ஒவ்வொரு நல்ல விதிக்கும் பின்னால் யாரோ ஒருவர் செத்திருக்கிறார். விதியைப் படிக்காமலே பின்பற்றுகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். ஓய்வு பெற்று இத்தனை வருஷமாகியும் அது ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் முயலவும் இல்லை.

சமஸ்தானம் போய், புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவின் ஒரு மூலையாகிவிட்டிருந்த ஐம்பதுகளில் நடந்தது இது. அதற்கு முன்பு ஊருக்குள்ளேயே முடிவான காரியங்கள் எல்லாம் இப்போது திருச்சிக்குப் போயின. அங்கிருந்து மெட்ராஸுக்குப் போயின. போனவற்றில் சில திரும்பியும் வந்தன. நான் திருச்சியில் தாவரவியல் படித்துவிட்டு, திருக்கோகர்ணம் போகும் சாலையில் பழைய ஓட்டுக் கட்டடம் ஒன்றில் இயங்கிய சின்ன அரசு ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சுற்று வட்டார ஆஸ்பத்திரிகளிலிருந்து சீழ், ரத்தம், சளி எல்லாம் எங்களிடம் வரும். எந்தக் கிருமி என்று பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு ஒரு பெயர் இருந்தது. அதை யாரும் உபயோகிக்கவில்லை. எல்லோருக்கும் நான் 'லேப்பம்மா'.

பென்சிலின் வந்த புதிதில் அது சாமி மாதிரி. ஊசி போட்ட மறுநாள் புண் வற்றியது. சில வருஷங்களில், சில புண்கள் வற்ற மறுத்தன. அவற்றின் சீழைக் கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்த்தால், திராட்சைக் கொத்துப் போன்ற அந்தப் பழைய கிருமிதான். ஆனால் பென்சிலின் சொட்டு விட்ட இடத்திலும் சௌகரியமாக வளர்ந்திருக்கும். எங்கள் ஆபீசர் ஒரு டாக்டர். கெட்டவர் அல்ல. நான் தட்டைக் காட்டும்போதெல்லாம், "டோஸைக் கூட்டச் சொல்லி எழுதிடுங்க" என்பார். எழுதினேன். கிருமிகள் எங்கள் கடிதங்களைப் படிக்கவில்லை.

பென்சிலினே ஒரு பூஞ்சை சுரக்கும் சரக்கு. மண்ணுக்குள் பூஞ்சைகளும் கிருமிகளும் ஒரே சாப்பாட்டுக்கு அடித்துக்கொள்கின்றன. அந்தச் சண்டையில் சில பூஞ்சைகள் கிருமியைக் கொல்லும் பொருளைச் சுரக்கின்றன. வெளிநாடுகளில் ஊர் ஊராக மண் அள்ளித் தேடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரிலும் மண்ணுக்குப் பஞ்சமில்லை. அது ஒன்றுதான் தாராளமாக இருந்தது. நோயாளிகளுக்குத் துணையாக வந்து வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்களிடம், ஊருக்குப் போய்த் திரும்பும்போது ஒரு சிட்டிகை மண் கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவர, காலியான பென்சிலின் குப்பிகளைக் கொதிக்கவைத்துக் கொடுத்தேன். ரப்பர் மூடி, கச்சிதமான அளவு. பென்சிலினால் முடியாமல் போன வேலைக்கு அதன் குப்பியாவது உதவட்டும் என்று நினைத்தேன்.

ஆனால் எங்கள் பக்கத்தில் மண் கேட்பது லேசான காரியம் இல்லை. காலடி மண்ணை எடுத்துச் செய்வினை வைப்பார்கள் என்பது குழந்தைக்கும் தெரியும். அரிமளத்திலிருந்து வந்த ஒரு அம்மாள் குப்பியைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

"யாரு காலடி மண்ணு வேணும் ஒங்களுக்கு?"

"யார் காலும் படாத மண்ணாப் பார்த்து எடுத்துட்டு வாங்க."

"கால் படாத மண்ணுன்னா சுடுகாட்டுக்குல்ல போகணும்! நல்லாக் கேட்டீக!"

எங்கள் அட்டெண்டர் நடுவில் புகுந்தார். "ஆத்தா, அவுக செய்வினை வைக்கிற ஆளா இருந்தா முதல்ல எங்க ஹெட் கிளார்க்குக்குல்ல வச்சிருப்பாக." வராந்தாவே சிரித்தது. அதன் பிறகு சிலர் குப்பி வாங்கிப் போனார்கள்.

அப்படி வாங்கிப் போனவர்களில் வல்லத்திராக்கோட்டைக்காரர் ஒருவர். அவருடைய அண்ணனுக்கு முதுகில் ராஜபிளவை, பல கண் வைத்த பெரிய சீழ்க்கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் குப்புறப் படுத்துக் கிடந்தார். அந்தச் சீழும் எங்களிடம்தான் வந்தது. பென்சிலினைப் பொருட்படுத்தாத அதே கிருமி. தம்பிக்காரர் ஒரு செவ்வாய்க்கிழமை மண்ணோடு வந்தார்.

"எங்கிட்டு எடுத்தீங்க?"

"கடலைத் தொலிக் குமிக்குக் கீழங்க. உரிச்சுப் போட்டது மக்கிக் கெடக்கு. அங்கிட்டுத்தான் நெழலும் ஈரமும் இருந்துச்சு. வெயில்ல நின்னு எவன் தோண்டுறது?"

அவருடைய சோம்பேறித்தனத்துக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்வேன்.

தட்டுகளில் ஊற்றும் ஊட்டப் பொருளைக் கெட்டியாக்கக் கடல்பாசி வேண்டும். மெட்ராஸுக்கு எழுதிக் கேட்டது வரவில்லை. கீழராஜ வீதியில் மளிகைக் கடையில் வாங்கினேன். "என்னம்மா, மாசாமாசம் பாசி வாங்குறீக, வீட்டுல தெனம் விருந்தா?" என்று கடைக்காரர் கேட்டார். விருந்துதான். உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீர், சர்க்கரை, கடல்பாசி, விருந்தாளிகள் பூஞ்சைகள். தொலிக் குவியல் மண்ணிலிருந்து பல பூஞ்சைகள் முளைத்தன. அவற்றில் ஒன்று, மேலே சாம்பல் பச்சை, அடியில் துரு நிறம். அண்ணன்காரருடைய கிருமியைத் தட்டு முழுக்கப் பூசி, இந்தப் பூஞ்சையில் ஒரு துண்டை வெட்டி நடுவில் வைத்தேன். இரண்டாம் நாள் பார்த்தபோது, தட்டு முழுக்க வெண்படலம். நடுவில் மட்டும் ஒரு வெள்ளி ரூபாய் அகலத்துக்குத் துடைத்து வைத்ததுபோல் தெளிவான ஒரு வளையம். பென்சிலின் தோற்ற இடத்தில் கடலைத் தொலிப் பூஞ்சை ஜெயித்திருந்தது.

நான் குதிக்கவில்லை. மறுபடி செய்தேன். இன்னொரு நோயாளியின் கிருமியை வைத்துச் செய்தேன். பூஞ்சை இல்லாத வெறும் துண்டை வைத்தும் செய்தேன். எல்லாம் சரியாக இருந்த பிறகுதான் ஆபீசரிடம் கொண்டுபோனேன்.

"பூசணம் பிடிச்சிருக்கே" என்றார்.

"பூசணம்தான் சார் விஷயமே."

அவர் தட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார். "நம்மகிட்ட இதைப் பிரிச்செடுக்க என்ன இருக்கு? பம்ப் அடுப்பும் ஒரு பிரஷர் பானையும். மெட்ராஸ் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவோம்" என்றார். அது நியாயம். வளையம் காட்ட என்னால் முடியும். அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து, கிருமியைக் கொல்வது மனிதனையும் கொல்லுமா என்று எலிக்குப் போட்டுப் பார்க்க மெட்ராஸால்தான் முடியும்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாமே அதில்தான் இருந்தது. பூஞ்சையைக் குழாயில் வைத்து, மாதாமாதம் புதுக் குழாய்க்கு மாற்றி உயிரோடு வைத்திருக்கலாம்; இதைத்தான் கல்ச்சர் என்போம். ஆனால் மண்ணிலிருந்து வந்த பூஞ்சை சொகுசில் மாறிவிடும். உட்கார்ந்த இடத்தில் சாப்பாடு, எதிரி கிடையாது. மாற்ற மாற்ற, கிருமியைக் கொல்லும் வித்தையை மறந்துவிடும். வேலை நிரந்தரமானவர்களுக்கும் இப்படி ஆவதை அரசாங்க அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன். என் பூஞ்சை மறப்பதற்குள் உயிரோடு மெட்ராஸ் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

முறைப்படி கட்டினேன். மெட்ராஸ் படிவம் 'மூலப் பொருளின் மிச்சம் முழுவதும்' வேண்டும் என்றது. குப்பியில் மீதியிருந்த மண்ணையும் சேர்த்து வைத்தேன். பார்சல் எங்கள் அலுவலகத் தபால் பிரிவுக்குப் போனது, அங்கிருந்து திருச்சிக்கு, திருச்சியிலிருந்து மெட்ராஸுக்கு. பதில் வர அதே வழி. வெகுகாலம் கழித்து ஒற்றை வரி வந்தது: உயிருள்ள பொருள் எதுவும் காணப்படவில்லை.

ரயிலின் வெக்கை என்று நினைத்தேன். மழைக்காலம் வரை காத்திருந்து, ஈரத்துணி சுற்றி, மூங்கில் குழலுக்குள் வைத்து இரண்டாவது பார்சல் அனுப்பினேன். இதற்குள் தட்டில் வளையம் எட்டணா அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. இரண்டாவது பதிலில் இரண்டு வரி இருந்தது. உயிருள்ள பொருள் எதுவும் காணப்படவில்லை. அனுப்புகிறவருக்குக் கல்ச்சர்களைக் கையாளும் ஆரம்பப் பயிற்சி அளிக்கப்பட வேண்டும்.

ஆரம்பப் பயிற்சி! ஆபீசர் அந்தக் கடிதத்தை என்னிடம் நீட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, நேரே கொண்டுபோகிறேன், லீவு கொடுங்கள் என்றேன். "கையில் கொண்டுவர்றதை வாங்க மாட்டாங்கம்மா. த்ரூ பிராப்பர் சேனல்தான்" என்றார். எனக்கும் தெரியும். அந்த விதியை அவருக்கே நான்தான் ஒருமுறை எடுத்துக் காட்டியிருந்தேன்.

ஊரில் அணா போய் நயாபைசா வந்துகொண்டிருந்தது. என் வளையமும் நாலணாவுக்கு வந்துவிட்டது. மூன்றாவது பார்சலைக் கட்டிய அன்று, என்னவோ தோன்றி, அட்டெண்டரிடம் கொடுக்காமல் நானே தபால் பிரிவுக்கு எடுத்துப் போனேன். ஹெட் கிளார்க் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு வாங்கினார். பெட்டியைத் திறந்தார். குழாயை எடுத்தார். பஞ்சடைப்பை இரண்டு விரலால் உருவினார். மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பழுப்பு பாட்டிலை எடுத்துக் குழாய்க்குள் சாய்த்தார். கார்பாலிக் ஆசிட் வாசனை மூக்கில் ஏறியது.

"என்ன சார் பண்றீங்க!"

"ஏன் கத்துறீங்க? கிருமி நீக்கம்."

"முந்தி அனுப்பினதுக்கும் ஊத்துனீங்களா?"

"பின்னே? மண்ணு வந்துச்சே ஒரு குப்பி, அதுக்கு ரெண்டு தரம் ஊத்தச் சொன்னேன். ஆஸ்பத்திரிச் சாமான் தபால்ல போறப்போ சுத்தமாப் போகணும்ல. ஒங்க பூஞ்சைக்கு மட்டும் தனிச் சட்டமா?"

"அது உயிரோட போகணும் சார். அதுக்குத்தானே அனுப்புறதே!"

"உயிரோட போகணும்னு கவரிங் லெட்டர்ல எங்கிட்டு இருக்கு? காட்டுங்க."

பரிசோதனைக்கு அனுப்பும் கல்ச்சர்களுக்கு ஆபீசர் சான்று கொடுத்தால் கிருமி நீக்கம் வேண்டாம் என்று மெட்ராஸ் விதியிலேயே இருக்கிறது. எண்ணும் உட்பிரிவும் சொன்னேன். அவர் சிரித்தார். பரிதாபப்பட்டுச் சிரித்த சிரிப்பு.

"லேப்பம்மா, அது மெட்ராஸ் விதி. இந்த ஆபீஸ்ல தபாலுக்குச் சமஸ்தானத்து உத்தரவுதான் நடக்குது. அதை ரத்துப் பண்ணி எனக்கு ஆர்டர் வரலையே."

சமஸ்தானமே ரத்தாகிப் பத்து வருஷம் ஆகப் போகிறது. ராஜா போனார், திவான் போனார், நாணயம் போனது. கார்பாலிக் மட்டும் பதவியில் இருந்தது. மெட்ராஸில் இருந்தவர்கள்தான் என்ன? கார்பாலிக்கில் முக்கி எடுத்த குழாய் மேஜைக்கு வந்தால், மூக்கு இருக்கிற எவரும் கேட்டிருக்க வேண்டாமா? பிற்பாடு அந்தப் பரிசோதனைப் படிவத்தைப் பார்த்தேன். நிறத்துக்குக் கட்டம் இருந்தது, வளர்ச்சிக்குக் கட்டம் இருந்தது. வாசனைக்குக் கட்டம் இல்லை.

அன்றே ஆபீசரிடம் போய்ச் சான்று வாங்கினேன். பழைய உத்தரவை ரத்துச் செய்யக் கேட்டு விண்ணப்பமும் எழுதிக் கொடுத்தேன். நான்காவது பார்சலில் ஒரு சொட்டு கார்பாலிக் விழாமல் தபால் பிரிவில் நின்று பார்த்தேன். பூஞ்சை உயிரோடு மெட்ராஸ் போய்ச் சேர்ந்தது. கிளம்புவதற்கு முந்தின வாரம் தட்டில் வளையம் இருந்ததா இல்லையா என்று நானே கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்க வேண்டியிருந்தது. பதில் இந்தத் தடவை சீக்கிரமாக வந்தது. உயிருள்ளது. சாதாரணப் பூஞ்சை. கிருமி எதிர்ப்பு இல்லை. கோப்பு முடிக்கப்பட்டது. கல்ச்சர்களை அழித்துச் சான்று அனுப்பவும்.

அழிப்பதற்கு முன் ஒரே ஒரு வழி மிச்சம் இருந்தது. அதே இடத்து மண், அதே பூஞ்சை, புதிதாக. ஞாயிற்றுக்கிழமை வல்லத்திராக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன்.

தம்பிக்காரர் வரப்பிலிருந்தே கையைத் தூக்கிக் கும்பிட்டுக்கொண்டு வந்தார். "வாங்கம்மா, வாங்க! நீங்க ஒருநா வருவீகன்னு அண்ணன் சொல்லிக்கிட்டே இருக்காரு." அண்ணன்காரர் வீட்டிலிருந்து நடந்தே வந்தார். துண்டை எடுத்து முதுகைக் காட்டினார். உள்ளங்கை அகலத் தழும்பு. அவரைப் பிழைக்கவைத்தது சர்ஜனின் கத்தியும், திருச்சியிலிருந்து எப்படியோ தேடிப் பிடித்த ஒரு புது மருந்தும். அவர்கள் கணக்கு வேறு.

"செவ்வாக்கெழமை மண்ணு போச்சு. வெள்ளிக்கெழமை காச்சல் எறங்குச்சு. வேறென்னம்மா வேணும்?"

தொலிக் குவியல் இருந்த இடத்தில் மூன்று செங்கல், மஞ்சள், குங்குமம், ஒரு சின்னச் சூலம். சுற்றிச் சாணி போட்டு மெழுகியிருந்தது. பையிலிருந்து ஒரு காலிக் குப்பியை எடுத்தேன்.

"எனக்குக் கொஞ்சம் மண் வேணுமே."

"அதான் எடுத்து வச்சிருக்கோம்ல!" தம்பிக்காரர் மஞ்சள் துணி முடிச்சு ஒன்றைக் கொண்டுவந்தார். சாமியை வேறு ஊருக்குக் கொண்டுபோகிறவர்கள் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப் போவார்களே, அதுபோல. பிரித்தேன். மண்ணோடு மஞ்சள் தூள், வேப்பிலை, கற்பூரம். "ஒங்க ஆஸ்பத்திரியிலயும் வச்சுக் கும்பிடுங்கம்மா."

"இதுல மஞ்சள் எதுக்குங்க?"

"சுத்தமா இருக்க வேணாமா?"

ஹெட் கிளார்க் வல்லத்திராக்கோட்டைக்கும் வந்துவிட்டுப் போயிருப்பாரோ என்று ஒரு கணம் தோன்றியது.

செங்கல்லை நகர்த்தி அடியிலிருந்து எடுக்கலாமா என்று கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன்காரர் சொன்னார்: "நாங்க சொல்லக் கூடாது. சாமிக்கிட்டப் பூப் போட்டுக் கேப்போம்." அவர் மனைவி வெள்ளைப் பூ ஒரு இலையிலும் சிவப்புப் பூ ஒரு இலையிலும் மடித்து, செங்கல் முன்னால் வைத்தாள். வெள்ளை வந்தால் உத்தரவு. "நீங்களே எடுங்கம்மா. கேக்குறது நீங்கதானே" என்றாள். தாவரவியல் பட்டதாரி மண்டியிட்டு, கண்ணை மூடி, ஒரு பொட்டலத்தை எடுத்தேன். வெள்ளை. அரை மணி நேரத்தில் அனுமதி. திருச்சி வழியாகப் போகவும் இல்லை, கவரிங் லெட்டரும் கேட்கவில்லை. என் உத்தியோக காலம் முழுவதிலும் அவ்வளவு விரைவாக முடிவெடுத்த மேலிடத்தை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

செங்கல்லை நகர்த்தினார்கள். அடியில் ஆற்று மணல். வெள்ளையாக, கழுவிச் சலித்த மணல்.

"பழைய மண்ணு?"

"தோண்டி எடுத்துட்டோம்மா, ஒரு முழம். அந்தக் குப்பையிலயா சாமி குடியிருக்கும்?"

"அந்தக் குப்பை எங்கே?"

தம்பிக்காரர் கையை நீட்டி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை வீசினார். கண்ணுக்கு எட்டிய வரை கடலைக்காடு. எருவாக இறைத்து, உழுது, விதைத்து, செடி பூத்திருந்தது.

அவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது, பொய் சொல்லவில்லை. பஸ் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் அது எங்கே போக வேண்டுமோ அங்கே போய்விட்டது. இவர்கள் அந்த மண்ணில் ஏதோ இருக்கிறது என்று நம்பித்தான் அதைக் கெடுத்தார்கள். சம்பளம் வாங்கியவர்கள், பார்க்க வேண்டிய ஒன்றைப் பார்க்காமலே கொன்றார்கள். அதைச் செய்துவிட்டு எனக்குப் பயிற்சி வேண்டும் என்று எழுதினார்கள்.

கொண்டுபோன குப்பிகளை எல்லாம் அந்தக் காட்டின் மூலைமூலையாகப் போய் நிரப்பிக்கொண்டு வந்திருந்தேன். மண் வேலைக்கு இனி ஊட்டப் பொருள் வழங்கக் கூடாது என்று உத்தரவு. மளிகைக் கடையில் பாசி வாங்கினேன், ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தேன். மஞ்சள் மண்ணையும் விடவில்லை. கருப்பு, வெள்ளை, ரோஸ் என்று எத்தனையோ பூஞ்சை வந்தது. சாம்பல் பச்சையும் துருவும் சேர்ந்தது வரவே இல்லை. பாதிக் குப்பிகள் பாக்கி இருக்கும்போது எனக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்தது, குடிதண்ணீர் பரிசோதனைக்கு. பழைய கல்ச்சரை நானே பிரஷர் பானையில் வைத்து, உரிய அழுத்தத்தில் உரிய நேரம் வேகவைத்து, அழித்ததாகச் சான்றில் கையெழுத்துப் போட்டேன். மீதிக் குப்பிகளை மண்ணோடு அலமாரியில் வைத்து, திறக்க வேண்டாம் என்று எனக்குப் பின் வந்தவரிடம் சொல்லிவிட்டுப் போனேன். சில மாதம் கழித்து அவரைத் திருச்சியில் பார்த்தபோது கேட்டேன். "இன்ஸ்பெக்‌ஷன் வந்துச்சுங்க. அழுக்குக் குப்பியெல்லாம் கொதிக்கவச்சுக் கழுவி வார்டுக்குக் குடுத்துட்டேன்" என்றார். பாராட்டை எதிர்பார்த்து நின்றார்.

அதற்குப் பிறகு ஒருநாள் திருச்சி அலுவலகத்துக்கு எனக்கு ஒரு கவர் வந்தது. புதுக்கோட்டைத் தபால் பிரிவிலிருந்து. என் விண்ணப்பத்தின் பேரில், கல்ச்சர்களுக்குக் கிருமி நீக்கம் செய்ய வேண்டும் என்ற பழைய சமஸ்தான உத்தரவு ரத்துச் செய்யப்பட்டதாம். நகல் என் தகவலுக்காக. கீழே ஹெட் கிளார்க்கின் சுத்தமான கையெழுத்து.

கவரைப் பிரிக்கும்போதே காகிதம் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. முகர்ந்து பார்த்தேன். கார்பாலிக்.